காட்டேஜ் இல்லாதவர்கள் ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியில் எங்கே இறங்குவது?

ஸ்காபரோவில் இருக்கும் ஒருவர் கேட்டது இது. வீட்டில் மூன்று பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலில் வள்ளம் ஓட்டியவர். எல்லோரையும் ட்ரென்ட்–செவர்ன் நீர்வழிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏற்ற ஆசை. ஆனால் போன முறை பிஜன் ஏரிப் பக்கம் போனபோது கரை முழுக்கத் தனியார் காட்டேஜ்கள். தண்ணீரில் காலை நனைக்கக்கூட இடம் கிடைக்கவில்லை. எங்கே இறங்கலாம், என்ன அனுமதி வேண்டும், அப்பா படகு ஓட்டலாமா?

இருபது வருடமாக இந்தத் தண்ணீரில் கனூ வலித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு கோடைகளில் நானும் உங்களைப் போலவே கரையோரத் தெருக்களில் காரை ஓட்டி, ஒவ்வொரு தெரு முடிவிலும் "தனியார் காணி" பலகையைப் பார்த்துத் திரும்பி வந்தவன்தான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பிஜன் ஏரியும் சேர்ந்த கவர்தா ஏரிகளின் கரை பெரும்பாலும் தனியார் கையில் இருப்பது உண்மை. ஆனால் தண்ணீர் அப்படி இல்லை. ஒன்ராறியோ ஏரிக்கரையில் ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் விரிகுடாவில் போர்ட் செவர்ன் வரைக்கும் 386 கிலோமீட்டர் ஓடும் இந்த நீர்வழி ஒரு தேசிய வரலாற்றுத் தலம். பார்க்ஸ் கனடா நடத்துகிறது. இடையிலுள்ள லொக்குகளின் இலக்கம் 45 வரை போகும், ஆனால் எண்ணிப் பார்த்தால் 44தான். பர்லி ஃபோல்சில் இருந்த 28ஐயும் 29ஐயும் ஒன்றாக்கிக் கட்டிவிட்டார்கள். லொக் என்றால், உயரம் மாறும் இடத்தில் படகை ஒரு தொட்டிக்குள் விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு. அநேகமாக ஒவ்வொரு லொக்கையும் சுற்றி வெட்டிப் பராமரித்த புல்வெளி, மேசை, நிழல்மரம், பருவ காலத்தில் கழிப்பறை எல்லாம் உண்டு. அது பொதுக் காணி. படகில் வந்தவனுக்கு இருக்கும் உரிமை சாப்பாட்டுக் கூடையோடு நடந்து வருபவனுக்கும் இருக்கிறது. நீங்கள் தேடிய கதவு இதுதான். லொக் ஸ்டேஷனில் பாய் விரித்து உட்கார்ந்து, படகுகள் ஏறி இறங்குவதை நாள் முழுக்கப் பார்க்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நெருப்பு மட்டும் அதற்கென்று வைத்த இடம் தவிர எங்கும் மூட்டக் கூடாது. வாகனம் நிறுத்தும் விதி இடத்துக்கு இடம் மாறும், பலகையைப் பாருங்கள்.

பொழுதுபோக்குக்கு என்று இதைக் கட்டவில்லை. 1833இல் பொப்கேஜனில் முதல் லொக் வேலை தொடங்கியபோது நோக்கம் மரமும் மாவும் ஏற்றுவது. பிறகு தேர்தல் வரும்போதெல்லாம் ஒரு துண்டு கட்டுவதாக வாக்குக் கொடுப்பார்கள், தேர்தல் முடிந்ததும் வேலை நிற்கும். இப்படியே இழுபட்டு, 1920 ஜூலையில்தான் ஐரீன் என்ற மோட்டார் படகு ட்ரென்டனிலிருந்து முழு வழியையும் முதன்முதலாகக் கடந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது, கப்பல்களும் பெருத்துவிட்டன. சரக்குக்கு இந்த வழி பயன்படாமலே போயிற்று. அந்தத் தோல்வியில்தான் நமக்கு இந்தப் புல்வெளிகள் கிடைத்தன என்று ஒவ்வொரு முறை அங்கே உட்காரும்போதும் நினைப்பேன்.

சரி, எங்கே போவது? உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது பீற்றர்பரோவும் அதற்கு மேலே லேக்ஃபீல்ட் வரையுள்ள ஒட்டனபி நதியும். ஸ்காபரோவிலிருந்து 401, 115 நெடுஞ்சாலைகள் வழியாக ஒன்றரை மணி நேரம். கார் இல்லாவிட்டாலும் ஒஷாவாவிலிருந்து கோ பஸ் 88 பீற்றர்பரோவுக்குப் போகிறது. புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் சிலரை அப்படித்தான் கூட்டிப் போனேன்.

முதலில் லொக் 21, பீற்றர்பரோ லிஃப்ட் லொக். ரிச்சர்ட் பேர்ட்சால் ரோஜர்ஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1904 ஜூலை 9 அன்று திறந்தது. தராசுத் தட்டுப் போல இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெரிய உலக்கைத் தண்டு. இரண்டு தண்டுகளின் குழல்களும் நிலத்துக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், உள்ளே தண்ணீர். மேல்தொட்டிக்குள் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தண்ணீரைக் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழ்த்தொட்டி தானாக 19.8 மீட்டர் மேலே வரும். தூக்குவதற்கு மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. கூடுதல் தண்ணீரின் பாரம் மட்டும். நகர்வது இரண்டு நிமிடம்கூட எடுக்காது. கனூவில் உட்கார்ந்தபடியே இதில் ஏறலாம். ஏறும்போது சுற்றிலும் ஊரின் கூரைகள் கீழே இறங்கிப்போகும். பிள்ளைகளுக்கு அது மறக்காது.

லிஃப்ட் லொக்குக்குப் பக்கத்திலேயே லிற்றில் லேக்கும் பீவர்மீட் பூங்காவும் இருக்கின்றன. அங்கே மணல் கரையில் பிள்ளைகள் குளிக்கலாம். மழைக்கு மறுநாள் என்றால், இறங்குமுன் சுகாதாரப் பிரிவின் நீர்ப் பரிசோதனை அறிவிப்பைப் பாருங்கள். அதே ஏரிக்கரையில்தான் 2024இல் கனடியக் கனூ அருங்காட்சியகம் புதிய கட்டடத்துக்கு வந்தது. அப்பாவுக்கு நிச்சயம் காட்டுங்கள். பேர்ச் மரப்பட்டையை வளைத்து வேரால் தைத்து, ஆணி ஒன்றுகூட இல்லாமல் செய்த கனூக்களைப் பார்த்தால் வள்ளம் தெரிந்த கண் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் நதியோரமாக மேலே போங்கள். நசாவ் மில்ஸ், ஒட்டனபி, டூரோ, சோயர் கிரீக், லேக்ஃபீல்ட் என்று லொக் 22 முதல் 26 வரை ஐந்தும் வரிசையாக வரும். ஆற்றோரத் தெருவிலிருந்தே லொக்குகளுக்கு இறங்கலாம். நதியின் கிழக்குப் பக்கம் ரோட்டரி கிரீன்வே நடைபாதை பீற்றர்பரோவிலிருந்து லேக்ஃபீல்ட் வரை போகிறது. தள்ளுவண்டியும் சைக்கிளும் ஓடும். வார நாளில் டூரோ லொக்கில் பல தடவை எங்களைத் தவிர ஒருவரும் இருந்ததில்லை.

படகு விஷயத்துக்கு வருவோம். துடுப்புப் படகுக்கு, அதாவது கனூவுக்கும் கயாக்குக்கும், ஓட்டுநர் அட்டை தேவையில்லை. மோட்டார் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். 2009 செப்டம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் இது சட்டம். ஒரு தடவை பரீட்சை எழுதி எடுத்த அட்டை ஆயுளுக்கும் செல்லும். வாடகைப் படகு என்றால் அட்டை இல்லாதவருக்கும் வழி உண்டு: வாடகைக்குத் தருபவர் ஒரு பாதுகாப்புப் பட்டியலை உங்களோடு இருந்து படித்து விளக்கி, இருவரும் கையெழுத்து வைத்தால், அந்த வாடகைக் காலம் முழுக்க அதுவே சான்று. அப்பா அப்படி ஓட்டலாம். ஒருமுறை வாடகைக்குத் தந்தவர் "கையெழுத்தைப் போடுங்கோ, போங்கோ" என்று கடதாசியை மட்டும் நீட்டினார். நானும் அவசரத்தில் போட்டுவிட்டேன். அன்று பின்னேரம் சிவப்பு மிதவைக்கும் பச்சை மிதவைக்கும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பாறைமேல் ஏற்றினேன். நின்று, கேட்டு, விளங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் உள்ள மோட்டார் படகு சொந்தமாக இருந்தால் படகுக்கென்று வேறு ஒரு உரிமம் வேண்டும். வாடகைப் படகில் அது உங்கள் கவலை இல்லை. கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. வெட்டிய கால்வாய்களிலும் அதே வேகம்தான்.

குடி பற்றி ஒரு வரி. மோட்டார் படகைக் குடித்துவிட்டு ஓட்டினால் குற்றவியல் வழக்கு, அதோடு உங்கள் கார் உரிமமும் போகும். நிரந்தரமான படுக்கை, அடுப்பு, கழிப்பறை உள்ள படகு கட்டி நிற்கும்போது தவிர, படகில் போத்தல் திறக்கக் கூடாது.

லொக்குக்குள் போவது முதல் தடவை பயமாக இருக்கும். ஒழுங்கு தெரிந்தால் எளிது. லொக்குக்கு முன்னால் உள்ள துறைச்சுவரில் நீல நிறக் கோடு போட்டிருக்கும். அங்கே கட்டினால் நீங்கள் கடந்துபோகக் காத்திருக்கிறீர்கள் என்று பணியாளருக்குத் தெரியும். சாப்பிட நிற்பவர்கள் கோடு இல்லாத இடத்தில் கட்ட வேண்டும். பச்சை காட்டியதும் மெதுவாக உள்ளே போய், சுவரில் தொங்கும் கறுப்பு வடத்தைச் சுற்றி உங்கள் கயிற்றைப் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், தண்ணீர் இறங்கும்போது படகு தொங்கிவிடும். மோட்டாரை நிறுத்துங்கள், சிகரெட் வேண்டாம். கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது, சீட்டை லொக்கிலேயே வாங்கலாம். மே நடுப்பகுதியில் விக்டோரியா நாள் விடுமுறையோடு திறந்து அக்டோபர் நன்றிநாள் வரைக்கும் நடக்கும். கோடையில் வேலைக்கு நிற்கும் மாணவர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். முதல் தடவை என்று வாய் திறந்து சொன்னால் போதும்.

இனி அப்பா. இதை நான் எழுதாமல் விட முடியாது.

கடல் தெரிந்தவர்களைத்தான் எனக்கு இங்கே அதிகம் பயம். குருநகர்க் கடல்நீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. உப்பு கொஞ்சம் தாங்கும். இங்கே மே மாதத்தில் வெயில் 25 பாகையைத் தொட்டாலும், ஐஸ் உருகிப் போய் சில வாரங்களே ஆன தண்ணீர் அது. ஒரு விக்டோரியா நாள் அன்று லேக்ஃபீல்டுக்கு மேலே கனூ புரண்டு நான் விழுந்தேன். நீந்தத் தெரியும். ஆனால் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. இழுத்து இழுத்து வாங்கியது, தலை நிமிரவே இல்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால்தான் இதை எழுதுகிறேன். மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1–10–1 என்று சொல்லித் தந்திருக்கிறார். மூச்சை அடக்கி எடுக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் 10 நிமிடம். குளிரால் நினைவு தவற ஏறத்தாழ 1 மணி நேரம். ஜாக்கெட் இல்லாதவர் பெரும்பாலும் அந்த மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் நிமிடத்திலேயோ, கை ஓய்ந்ததும் பத்தாவது நிமிடத்திலேயோ போய்விடுகிறார்.

படகில் ஆளுக்கொரு ஜாக்கெட் அவரவர் அளவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த நாட்டில் அங்கீகரித்த முத்திரை உள்ளே தைத்திருக்க வேண்டும்.  காற்றால் ஊதும் வகை 16 வயதுக்குக் கீழே ஆகாது. பிள்ளைக்குப் "பிறகும் உதவும்" என்று பெரிய அளவு வாங்காதீர்கள், விழுந்தால் கழுத்தால் கழன்றுவிடும். கனூவில் இன்னும் ஒரு விசில், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, 15 மீட்டர் மிதக்கும் கயிறு வேண்டும். அப்பாவிடம் "உங்களுக்கு நீந்தத் தெரியாதா" என்ற தொனி வராமல், "பேரப்பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் போடுவார்கள் அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். என் மாமனார் அதற்குத்தான் இணங்கினார். அம்மா சேலையில் வந்தால் லொக் புல்வெளி நல்ல இடம். கனூவில் ஏற்றுவதென்றால் வேறு உடுப்பு.

அணைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லொக்குக்கும் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு அணை இருக்கும். மதகை எந்த நேரமும் திறப்பார்கள், அமைதியாகக் கிடந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இழுக்கத் தொடங்கும். குறுக்கே மிதக்கும் தடுப்பைத் தாண்டிப் போகக் கூடாது. லொக் கதவுக்கும் அணைக்கும் 40 மீட்டருக்குள் குளிப்பதும் குதிப்பதும் தடை. வெயிலில் பெடியன்கள் கதவுப் பக்கம் குதிப்பதைப் பார்த்து உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். விடாதீர்கள்.

மீன்பிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா கேட்பார். இந்த இடங்கள் மீன்பிடி வலயம் 17இல் வருகின்றன. எந்த மீனை எப்போது, எத்தனை பிடிக்கலாம் என்பது மீனுக்கு மீன் மாறும். 18 முதல் 64 வயது வரை உரிமம் வேண்டும். 65 ஆனவருக்கு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கனடாவில் வசிப்பவருக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்கு எழுபது வயதானாலும் வெளிநாட்டவருக்கான உரிமம் எடுக்க வேண்டும். ஒருநாள் உரிமம் கிடைக்கிறது. லொக் கதவுக்கும் காத்திருக்கும் துறைச்சுவருக்கும் 10 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது, படகு போகும் வழிக்கு மேலுள்ள பாலத்திலிருந்தும் கூடாது.

இந்தத் தண்ணீருக்கு நமக்கும் காட்டேஜ்காரருக்கும் முன்பே சொந்தக்காரர் இருக்கிறார்கள். மிசிசாகா அனிஷினாபே மக்கள். பீற்றர்பரோவுக்கு அவர்கள் வைத்த பெயர் நோகோஜிவனோங், வேகநீர் முடியும் இடம். கீழே இருக்கும் ரைஸ் ஏரிக்கு அந்தப் பெயர் வந்ததே தண்ணீரில் தானாக விளையும் காட்டரிசியால்தான். அவர்கள் அதை மனோமின் என்பார்கள். ஹேஸ்டிங்சில் அணை கட்டி நீர்மட்டம் உயர்ந்தபோது அந்த ஏரியில் அரிசிப் படுகைகள் மூழ்கி அழிந்தன. ஹயவாதா, கேர்வ் லேக் சமூகங்கள் இன்றும் இந்த ஏரிகளின் கரையில் இருக்கின்றன, அரிசியும் சில இடங்களில் திரும்ப வளர்கிறது. சில காட்டேஜ்காரர்கள் அதைக் களை என்கிறார்கள். நெல்வயல் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. கோடைத் தொடக்கத்தில் இலை தண்ணீர்மேல் நாடாப் போலப் படுத்திருக்கும். அந்த நேரம் மோட்டார் அலை அடித்தால் வேரோடு வந்துவிடும். அப்படி ஒரு பச்சைப் படுகை கண்டால் வேகத்தைக் குறைத்து விலகிப் போங்கள்.

சொந்தக் கனூவோ படகோ கொண்டுபோனால், கரையேறியதும் ஒட்டிய பாசியை எடுத்து, அடைப்பைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டே வண்டியில் ஏற்ற வேண்டும். 2022 தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். வரிக்குதிரை மட்டி ஒரு ஏரியிலிருந்து அடுத்ததுக்குப் போவது இப்படித்தான். இதே கவலையால்தான் மேற்குக் கோடியில் பிக் சூட்டில் லொக் கட்டாமலே விட்டார்கள். இரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரி மீன் சிம்கோ ஏரிப் பக்கம் ஏறிவிடும் என்று. அங்கே படகைப் பட்டியில் தாங்கி, தண்டவாளத்தில் மலைமேல் ஏற்றி, தெருவைக் கடந்து மறுபக்கத் தண்ணீரில் இறக்குகிறார்கள். இப்போதிருக்கும் வண்டி 1978இல் வந்தது. பீற்றர்பரோவிலிருந்து தூரம்தான், இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்கு ரைஸ் ஏரியும் சிம்கோ ஏரியும் வேண்டாம். ரைஸ் ஏரி ஆழமில்லாதது, காற்று எழும்பினால் அரை மணியில் அலை நெஞ்சளவு தெரியும். சிம்கோவைக் கடக்க பெரிய படகுக்காரரே நாள் பார்த்துக் காத்திருப்பார்கள். பர்லி ஃபோல்ஸ், பக்ஹோர்ன் பக்கம் தீவுகள் அழகு. அங்கே லவ்சிக் லொக்குக்குத் தெருவே கிடையாது, தண்ணீரால்தான் போகலாம். கை பழகியபின் போங்கள். இராத் தங்க வேண்டுமென்றால், படகில் வருபவர்கள் பல லொக்குகளில் அனுமதிச் சீட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு தூங்கலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் நாள்: ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு செவ்வாயோ புதனோ. தண்ணீர் சூடாகியிருக்கும், 401இலும் நெரிசல் குறைவு. காலை ஒன்பதுக்கு லிஃப்ட் லொக், பிறகு பீவர்மீட்டில் பிள்ளைகள் குளிக்கட்டும், மத்தியானச் சாப்பாடு டூரோ லொக் மர நிழலில். கனூவை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் எடுங்கள். அப்பா பின்னால் உட்காரட்டும். கனூவைத் திருப்புவது பின்துடுப்புத்தான், அவர் கை அதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.